பதினோராவது இடத்தில் நாடா

— காயிதத்த மொதல்ல பைக்குள்ள வெய்யி எழிலு. அவன் கண்ணுல பட்டுச்சுன்னா அப்பால நான்தான் பதில் சொல்லிகினு இருக்கணும்.

— ஒரே ஒரு கையெழுத்துதான் லாவண்யாக்கா. உதயா போட்டா போதும்.

— எவ்ளோ சுளுவா சொல்ற. நாலு பக்கம் இங்கிலீசு. இன்னாதான் எழுதியிருக்கு?

— அதாவது, இந்தப் பாட்டு முழுக்க எழிலரசனோடது, இதுல எனக்கு எந்தப் பங்கும் இல்லன்னு உதயா ஒத்துக்குறான். அவ்ளோதான்.

— டியூன் போட்டவனே ஒத்துக்குறான்.

— ஆமா.

— ஆமான்னு சொல்ல வாய் கூசல?

— கூசுதுக்கா. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். திரும்பிப் போயிடலாம்னு வேலூர் பஸ்ல ஏறி, அப்புறம் எறங்கினேன்.

— மெட்ராஸ் போறவன் வேலூர் பஸ்ல ஏன் ஏறுன?

— மனசு அப்படி இருந்துச்சு.

— சரிதான் போ. தைரியமா பேசு. கீழ தறி ஓடிகினு இருக்குல்ல, அது நிக்கற வரைக்கும் உதயா மச்சுக்கு ஏறி வரமாட்டான்.

— வந்தாலும் அவனுக்குத்தான் கேக்காதே.

— கேக்காது. அந்தக் காய்ச்சல்ல போன காது, ரெண்டு வருசமா ஒரு சொட்டு சத்தம் கேக்காது. ஆனா உதட்டப் படிப்பான். டிவி நியூஸ வாய மூடி வெச்சுட்டு பாத்து எனக்கே கதை சொல்றான். என் தம்பி எதிர்ல நின்னு பொய் சொல்றது கஷ்டம், தெரிஞ்சுக்கோ.

— இந்த ரூமு மாறவே இல்லக்கா. அதே கம்ப்யூட்டரு, அதே பீரோ... லிஸ்டு இன்னும் இருக்கா!

— யாரு கிழிப்பா?

— 'உலகத்தில் மிக அதிகமாக விற்ற பத்து பேண்டுகள்.' காலேஜ்ல திருட்டுத்தனமா பிரிண்ட் எடுத்தது. மொத எடம் பீட்டில்ஸ். அறுபது கோடி ரெக்கார்டு. நீங்க கேட்டீங்க, அறுபது கோடி பொடவ நெய்யணும்னா எத்தினி வருசம் ஆகும்னு.

— ஆரணி மொத்தமும் ஒக்காந்து நெய்தாலும் அதுக்குள்ள எமனுக்குப் பேரன் பொறந்துடுவான்னான் உதயா.

— கீழ பதினொண்ணாவது எடத்துல ஸ்கெட்ச்ல 'நாடா, ஆரணி'. மேல குயீன், ஆபான்னு எல்லாரும் கோடிகோடியா நிக்குறாங்க, கீழ நாம.

— தறியில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுற நாடா. நம்ம பேண்டுக்கு அந்தப் பேரு வெச்சது நீதான்.

— பீட்டில்ஸ் ஒரு துறைமுக ஊரு பசங்கதான்னு சொல்லிச் சொல்லியே தைரியம் வர வெச்சுகினோம். கப்பல் ஊருலேந்து அவங்க வந்தா, தறி ஊருலேந்து நாம வருவோம்னு.

— ஓரத்துல பென்சில்ல ஒண்ணு எழுதியிருக்கு பாரு. அதையும் படி.

— வேணாம்க்கா.

— படிடா.

— 'பீட்டில்ஸ்ல ரெண்டு பேரு, யாரு எழுதுனாலும் ரெண்டு பேர் பேரையும் சேத்துதான் போட்டுகினாங்க. நாமளும் அப்படியே. நாடாவோட பாட்டு எதுவானாலும் மூணு பேர் பேரும்.'

— அப்பால?

— கீழ போய் தறி மேல கைய வெச்சு சத்தியம் பண்ணோம்.

— ம். இப்ப சொல்லு. பேர எப்ப எடுத்த?

— எடுக்கலக்கா. போடல.

— பட்டு அறுந்தா அறுந்ததுதான். தானா அறுந்துச்சா, கத்தி வெச்சியான்னு பொடவைக்குத் தெரியாது. எப்ப?

— ஆப்ல பாட்ட ஏத்தும்போது மூணு கட்டம் வரும். எழுதியவர், இசை, பாடியவர்னு. அன்னிக்கு உதயா ஆஸ்பத்திரில இருந்தான். இனிமே காது வராதுன்னு டாக்டர் சொல்லி மூணாவது நாளு. நான் வெளிய வராண்டால போன கைல வெச்சுகினு அந்தக் கட்டத்தையே பாத்துகினு இருந்தேன். அப்ப ஒண்ணு நெனச்சேன்.

— இன்னா நெனச்ச?

— காது போனவனுக்குப் பாட்டு எதுக்குன்னு.

— என் மூஞ்சியப் பாத்து சொல்லுடா.

— அடிச்சுடுங்கக்கா.

— அடிச்சா உனக்கு சுளுவாப் போயிடும். மேல சொல்லு.

— மூணு கட்டத்துலயும் என் பேரயே அடிச்சேன். ஒரு நிமிசம்கூட ஆகல. வராண்டாலேந்து உள்ள போனேன். அவன் என்னைப் பாத்து சிரிச்சான். ஆரஞ்சுப் பழம் உரிச்சுக் குடுத்தான். வாங்கித் தின்னேன்.

— அந்தப் பழத்த வாங்கினு வந்தவ நான்.

— இன்னொண்ணும் இருக்குக்கா. சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்.

— சொல்லு.

— உங்கம்மா எனக்கு மட்டும் பேப்பர் கப்புல டீ குடுப்பாங்க.

— தெரியும்.

— உங்களுக்கெல்லாம் சில்வர் டம்ளரு. பெரணமல்லூர் காலனிப் பையனுக்கு பேப்பர் கப்பு. குடிச்சு முடிச்சு நானே கசக்கி வெளிய போடணும். என் பேர அடிக்கும்போது அந்தக் கப்பு ஞாபகம் வந்துச்சு. இந்த வீடு எனக்குத் தர வேண்டியதத்தான் எடுத்துக்கறேன்னு தோணுச்சு.

— அந்தக் கோவம் சாக்கு இல்ல எழிலு. நியாயம். அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும் நான். பாத்துகினு இருந்தேன், கேக்கல. அது என் தப்பு. ஆனா ஒண்ண யோசி. நீ இங்க வர ஆரம்பிச்ச ரெண்டாவது வாரத்துலேந்து உதயா எதுல டீ குடிச்சான்?

— பேப்பர் கப்புல.

— நீ மெட்ராஸ் போன அப்பாலயும் அதுலதான் குடிக்கிறான். அம்மா திட்டித் திட்டி ஓஞ்சு போயிட்டாங்க. யார்கிட்ட போய்ப் பழி வாங்கின நீ?

— அதுதான்க்கா தூங்க விடல. சென்னைல எந்த ஆட்டோல ஏறுனாலும் அந்தப் பாட்டு. 'அறுந்த எடத்துல முடிச்சு போட்டேன், தடவுற வெரலு அங்கதான் நிக்குது'. அந்த வரி வந்தா ஜனங்க கூடவே பாடுறாங்க. நான் எறங்கி நடந்துடுவேன்.

— நான் அந்த வரிய எழுதிக் காட்டுனப்ப, இது பொம்பளைங்க பாட்டு மாதிரி இருக்குன்னு மூஞ்சிய சுளிச்சவன் நீ.

— சின்னப் பையன்கா அப்ப.

— சரிதான் போ. இப்ப எதுக்குத் திடீர்னு கையெழுத்து?

— ஒரு படத்துக்குக் கேக்குறாங்க. அதாவது, எல்லாம் பேசி முடிஞ்சிடுச்சு. நடுவுல எவனோ நம்ம காலேஜ் ஃபங்ஷன் வீடியோவ எடுத்துப் போட்டுட்டான். அதுல நானே மைக்ல சொல்றேன், டியூன் உதயாது, தறி ஓட்டும்போது போட்டதுன்னு. கம்பெனிக்காரங்க பாத்துட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவன் கையெழுத்து போவலன்னா வேற பாட்டுக்குப் போயிடுவாங்க.

— நான் அந்த வீடியோல இருக்கேனா?

— நீங்கதான் மேடைக்கே வரலியே.

— அம்மா விடல.

— ஆமா. அதனால உங்க கையெழுத்து கேக்கல. அக்கா, அவன் பேரப் போடாததுதான் நான் பண்ண தப்பு. நேராவே ஒத்துக்கறேன்.

— அவ்ளோதானா?

— அவ்ளோதான்க்கா. வேற எதையும் மறைக்கல.

— ம். சரி, இன்னா நெனச்சுகினு வந்த? அவனுக்கு எல்லாம் தெரியும், கோவமா இருப்பான், கால்ல வுழுந்து சரி பண்ணிடலாம்னா?

— ஆமா. அத்தினி பேரு பாக்குறாங்களே, அவன் கண்ணுல படாமயா இருக்கும்?

— அவனுக்குத் தெரியாது.

— எப்படிக்கா?

— பாட்டு ஆப் எல்லாத்தையும் போன்லேந்து எடுத்துட்டான். கேக்காததுக்கு எதுக்கு எடம்னான். எட்டு மாசம் முன்ன, ஊர்ல எல்லாரும் பேச ஆரம்பிச்சப்ப எங்கிட்ட வந்து, அக்கா நம்ம பாட்டாமே, பேரு எப்படி வந்திருக்குன்னு பாத்து சொல்லுன்னான். நான் பாத்தேன். உன் பேரு மட்டும். அப்பால அவன் மூஞ்சியப் பாத்தேன்.

— சொல்லிட்டீங்களா?

— நாளைக்கு பிரிண்ட் எடுத்துத் தரேன்டான்னேன். ராத்திரியெல்லாம் இதே நாற்காலில உக்காந்து, அந்தப் பக்கத்த எறக்கி, அவன் பேரயும் சேத்து ஒட்டி, காலைல கைல குடுத்தேன். நல்லா வந்திருக்கு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. லிஸ்டுக்குக் கீழ பாரு, எங்க ஒட்டியிருக்கான்னு.

— பதினொண்ணாவது எடத்துல, 'நாடா'வுக்குப் பக்கத்துலயே. நான் கவனிக்கவே இல்ல.

— கடத்தெரு முழுக்க போன்ல படம் புடிச்சு காட்டிட்டான். கோயில் தெரு தனசேகரன் மாமா கடைல வெத்தல வாங்கப் போறவங்களுக்கெல்லாம் காட்டிட்டான்.

— அய்யோ அக்கா.

— இன்னா அய்யோ? நீ ஒரு நாள் சொன்ன பொய்ய நான் எட்டு மாசமா நெய்துகினு இருக்கேன். இப்ப நீ வந்து, அந்தப் பாட்டுல எனக்குப் பங்கு இல்லன்னு எழுதிக் குடுன்னு கேட்டா, அவன் இன்னா பண்ணுவான்? உன் பொய்ய மட்டும் இல்ல, என் பொய்யையும் சேத்துல்ல பாப்பான்.

— அப்ப நான் போயிடறேன்க்கா. கேக்கவே இல்லன்னு வெச்சுக்கோங்க.

— தறி நின்னுடுச்சு.

— ஐயோ.

— பைய மூடு. சிரிச்ச மூஞ்சியா வெய்யி. வர்றான்.

— அடப்பாவி மெட்ராஸ்காரா! எப்படா வந்த? மெய்யாலுமே நீதானா? ஒரு மெசேஜ் போட மாட்ட?

— இப்பதான்டா உதயா, சும்மா...

— மூஞ்சியத் தூக்கிப் பேசு மச்சான். தரையப் பாத்துப் பேசுனா எனக்குத் தரைதான் தெரியும்.

— கத்தாத தம்பி. பக்கத்து வீட்டு ராஜம்மாள் எட்டிப் பாக்குறாங்க.

— என் சத்தம் எனக்குத் தெரியலியேக்கா, இன்னா பண்றது? மச்சான், இதப் பாத்தியா? பதினொண்ணு! 'உதயா, எழிலரசன்.' உன் பேருக்கு முன்னாடி என் பேரு! சத்தியத்தக் காப்பாத்திட்டடா.

— உதயா, நான் ஒண்ணு...

— இரு இரு. அக்கா, மொதல்ல டீ.

— அம்மா போளூர் போயிருக்காங்க. நானே போட்டு எடுத்துனு வரேன். எழிலு, உனக்கு டம்ளர்ல தரட்டா?

— எதுலன்னாலும் சரிக்கா.

— அக்கா, எனக்கு எதுலயோ அவனுக்கும் அதுல. எப்பவும் போல.

— சரிதான் போங்க ரெண்டு பேரும்.

— போயிட்டாளா மச்சான்? இரு, சொல்லாத. எட்டு, ஒம்போது, பத்து. எறங்கிட்டா. மரப்படில யாரு கால் வெச்சாலும் இந்தப் பலக அதிரும். உள்ளங்கால்ல தெரியும் எனக்கு. இப்ப பேசலாம். பையில இன்னா காயிதம்?

— எப்படிடா...

— நான் வந்ததுலேந்து கைய பை மேலயே வெச்சுகினு இருக்க, பேங்குக்காரன் மாதிரி. அது அப்பால. மொதல்ல இந்தப் பிரிண்ட்டு கிட்ட வா. என் பேரப் பாரு. மொத எழுத்து எப்படி வளையுது?

— வளையல. படிக்கட்டு மாதிரி ஏறி எறங்குது.

— கட்டம் கட்டமா. பட்டுல எழுத்து அப்படித்தான் வரும். கல்யாணப் பொடவ முந்தில பொண்ணு பேரு, மாப்ள பேரு போட்டுத் தரச் சொல்லுவாங்க இல்ல? அதுக்கு எங்கக்கா கம்ப்யூட்டர்ல போடுற எழுத்து இது. வாரம் ஒரு ஜோடியோட பேர நெய்யிறவன் நான். எனக்குத் தெரியாதா? இன்னும் கிட்ட போ. ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னா இருக்கு?

— சின்னதா ஒரு பூ.

— எந்த ஊரு ஆப்லடா பூ போடுவான்? முந்திக்குப் பேர் போடுற டிசைன அப்படியே எடுத்து ஒட்டியிருக்கா. அவசரத்துல பூவ எடுக்க மறந்துட்டா. கடத்தெருல காட்டினேன்ல, நெசவுக்காரன் ஒருத்தன்கூட ஏமாறல. நல்லா இருக்குப்பான்னு சொல்லிட்டு வேற பக்கம் பாத்தாங்க. தனசேகரன் மாமா மட்டும்தான் கேட்டாரு, எழிலுக்கும் உனக்கும் எப்படா கல்யாணம்னு.

— சிரிக்காதடா.

— எட்டு மாசமா சிரிச்சுகினுதான் இருக்கேன் மச்சான். தாடை வலிக்குது. நான் நம்புறேன்னு அவ நம்பிகினு இருக்கா. நான் இதக் காட்டாம இருந்தா அவ சந்தேகப்படுவாளேன்னு ஊரெல்லாம் காட்டினேன். நீ அவகிட்ட சொல்லிடாத.

— அப்ப உனக்கு எல்லாமே தெரியும்.

— மொத நாளே. ஏய், இன்னாத்த டைப் பண்ற? வாயால சொல்லு. வரலியா? சரி குடு, படிக்கிறேன். 'வேணும்னேதான் உன் பேர விட்டேன். காது போனவனுக்குப் பாட்டு எதுக்குன்னு நெனச்சேன். என்னை மன்னிக்காத.' கடைசி வரி நல்லா இருக்கு. நம்ம பாட்டுலயே போட்டிருக்கலாம்.

— விளையாடாத உதயா.

— வேற இன்னா பண்ணச் சொல்ற? காயிதத்தக் குடு. ம்... ம்... இதுல நான் கையெழுத்து போட்டா பாட்டு படத்துல வரும். போடலன்னா வராது. அப்படித்தானே?

— ஆமா. அஞ்சு மணிக்குள்ள.

— நான் பெரிய மனுசன் மாதிரி போட்டுக் குடுத்து, போய்ட்டு வா மச்சான்னு சொல்லுவேன்னு நெனச்சியா?

— நெனச்சேன்.

— மாட்டேன்டா. எனக்கு அந்த அளவுக்கு மனசு கெடையாது. மத்தவங்களுக்கு அந்தப் பாட்டு காதுல இருக்கு. தறி மிதிக்கும்போது என் கால்ல இருந்துச்சு, இப்ப அதுவும் நெசமா இல்ல நெனப்பான்னு தெரியல. எனக்கு அதக் கேக்க வழி இல்ல. படிக்கத்தான் முடியும். என் பேரு அங்க இல்லன்னா அந்தப் பாட்டு எனக்கு எங்கயுமே இல்ல. எனக்கு என் பேரு வேணும் மச்சான்.

— மாத்தி... மாத்திடற...

— அழுதா உதடு கோணுது, ஒண்ணும் புரியல. தொடச்சுகினு சொல்லு.

— மாத்திடறேன்னு சொன்னேன். இப்பவே. உன் எதிர்லயே.

— படம்?

— போவட்டும்.

— ஊர்ல உங்கப்பாகிட்ட சொல்லியிருப்ப.

— சொல்லியிருக்கேன். போவட்டும்டா. பாரு, இதுதான் அந்தக் கட்டம். திருத்தலாம்னு இருக்கு. ரெண்டு நாள்ல எல்லாருக்கும் மாறிடும். இரு, அடிக்கிறேன். அடிச்சுட்டேன். பாரு.

— போன ஆட்டாம புடி. 'இசை, உதயா.' வளைஞ்ச எழுத்து. பூ இல்ல. மெய்யாலுமே என் பேருதான்டா இது.

— அனுப்பிடட்டா?

— 'பாடியவர், எழிலரசன்.' அது சரி. இரு, அமுக்காத. மேல ஒரு கட்டம் இருக்குதே, அத ஏன் நீ தொடவே இல்ல?

— எது?

— அக்கா படி ஏறுறா. உள்ளங்கால்ல தெரியுது, மூணாவது படி. அவ பொய் சொன்னப்பகூட தன் பேரப் போட்டுக்கல மச்சான், முந்தில ரெண்டு பேருக்குத்தான் எடம்னு. நானும் எட்டு மாசமா என் பேரயே பாத்துகினு இருந்துட்டேன். ஆறாவது படி. ஜல்தி சொல்லு, அவ எழுதின பாட்டுக்கு, அந்த 'எழுதியவர்' கட்டத்துல இன்னும் யாரு பேருடா இருக்கு?